பம்பு ஷாஃப்டுக்கு உலோகக் கண்ணாடிப் பூச்சு: இரண்டு பேட்ச், ஒரு போட்டு, நிறைய நீலப் புள்ளிகள்

கடந்த ஆண்டு ஜூன் மாதம், மேற்குக் கரை மீன்பிடித் தடை தொடங்கிய நாலாவது நாள், தேங்காய்ப்பட்டணத்தில் கட்டியிருக்கும் ஒரு ஸ்டீல் போட்டின் உரிமையாளர் கடல்நீர் பம்பின் ஷாஃப்டை (சுழலும் தண்டை) சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு குளச்சல் பக்கம் இருக்கும் என் லேத் பட்டறைக்கு வந்தார். "வெள்ளம் எடுக்கல்ல மக்களே, கிளாண்டுல இருந்து ஒழுகிக்கிட்டே கெடக்கு" என்றார். டெக் கழுவவும் ஐஸ் அறையில் தேங்கும் தண்ணீரை இறைக்கவும் ஓடுகிற, பெல்ட் போட்ட சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பு அது. மூன்று வருடத்தில் அதே ஷாஃப்டுக்கு நான் போட்ட மூன்றாவது எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்லீவ்தான், அதாவது ஷாஃப்டின் மேல் மாட்டும் உறைதான், இப்போது போயிருந்தது. கிளாண்ட் பேக்கிங், அதாவது தண்ணீர் ஒழுகாமல் ஷாஃப்டைச் சுற்றி இறுக்கும் அடைப்பு, உட்காரும் இடத்தில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் குழிகள், சிலது நகம் மாட்டும் அளவுக்கு ஆழம், அதற்கு ஒரு விரல் தள்ளி ஸ்லீவ் கண்ணாடிபோல் பளபளவென்று இருந்தது.

இது ஏன் என்று போட்டுக்கார அண்ணனுக்கும் தெரியும், வார்த்தை மட்டும் வேறு. பேக்கிங்குக்கு அடியில் கடல்நீர் அசையாமல் நிற்கிறது, அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, குளோரைடு கூடிக்கொண்டே போய் அந்த இடம் மட்டும் அமிலமாகிறது, ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் உடைகிறது. கிராஃபைட் பேக்கிங் போட்டால் இன்னும் மோசம், கடல்நீரில் கிராஃபைட் எந்த ஸ்டீலையும் அரிக்க வைக்கும். இதைத் தெரிந்துகொண்டே நானும் மூன்று முறை அதே 304-ஐத்தான் கடைந்து போட்டேன், அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 316 போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் பேக்கிங் உரசி உரசித் தேய்வதை அதுவும் தாங்காது. எனக்கு வேண்டியது கடினமாகவும் இருக்க வேண்டும், உப்புக்கும் அசையக்கூடாது.

அப்படித்தான் அமார்ஃபஸ் உலோகப் பூச்சுக்கு வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண உலோகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கிப் படிகங்களாக இருக்கும். உருகிய உலோகத்தை அணுக்கள் வரிசைக்கு வர நேரமே கொடுக்காமல் குளிர வைத்தால் கண்ணாடி மாதிரி தாறுமாறாகவே உறைந்துவிடும், அதுதான் அமார்ஃபஸ் உலோகம், உலோகக் கண்ணாடி. 1960-ல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் தங்கமும் சிலிக்கானும் கலந்த உலோகத்தில் இதை முதலில் செய்து காட்டினார்கள், அதற்கு விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் குளிர வேண்டியிருந்தது. 1974-ல் ஜப்பானில் இரும்பு, குரோமியம், பாஸ்பரஸ், கார்பன் கலவையில் செய்த அமார்ஃபஸ் நாடா, குளோரைடு கரைசலில் ஸ்டெயின்லெஸ்ஸைவிட நன்றாக நின்றது. படிகம் இல்லையென்றால் படிக எல்லை இல்லை, குரோமியம் ஓரிடத்தில் கூடி இன்னோரிடத்தில் குறையும் வேலை இல்லை, அதனால் அரிப்பு கால் வைக்க ஒரு பலவீனமான மூலை கிடைப்பதில்லை. பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில், கப்பல்களுக்கும் அணுக்கழிவுக் கலன்களுக்கும் என்று, இரும்பை அடிப்படையாக வைத்துச் 'சாம்2எக்ஸ்5' போன்ற கலவைகள் வந்தன. அணு எண்ணிக்கையில் பாதி இரும்பு, 18 சதவீதத்துக்குக் கிட்ட குரோமியம், 15 சதவீதம் போரான், 7 சதவீதம் மாலிப்டினம், மிச்சம் கார்பன், சிலிக்கான், மாங்கனீசு, டங்ஸ்டன். போரானும் கார்பனும் பெரிதும் சிறிதுமான அணுக்களைக் கலந்துவிட்டு வரிசை அமையவிடாமல் செய்கின்றன, அதனால் குளிரும் வேகம் அவ்வளவு தேவைப்படாது. நான் வாங்கியது இந்த வகைப் பொடிதான்.

பூச்சு போடும் துப்பாக்கி நம் மாவட்டத்தில் என் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. கோயம்புத்தூரில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கடைக்கு சோதித்துப் பார்க்க ஆறு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) துண்டுகளைக் கொண்டு போனேன், ஒவ்வொன்றும் 50-க்கு 25 மி.மீ., 5 மி.மீ. கனம். எச்.வி.ஓ.எஃப். என்ற அதிவேகச் சுடர் முறை இதைவிட அடர்த்தியாகப் போடும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அங்கே இருந்தது பிளாஸ்மா, என் பணமும் அதற்குத்தான் போதும். ஆர்கானும் ஹைட்ரஜனும் டங்ஸ்டன் முனைக்கும் செப்பு நாசிலுக்கும் நடுவே எரியும் ஆர்க் வழியாகப் பாய்ந்து பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும். அதற்குள் விழும் பொடி உருகி, பறந்து போய்த் துண்டில் அறைந்து தட்டையாகிறது. சுவரில் வரட்டி தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்று, ஓரம் ஓரத்தை மூட, அப்படியே அடுக்கு ஏறுகிறது. ஒவ்வொரு வரட்டியும் சில மைக்ரான் கனம்தான், குளிர்ந்த இரும்பின்மேல் விழுவதால் அந்தப் பத்து லட்சம் டிகிரி வேகம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அமார்ஃபஸுக்குப் பிளாஸ்மா சரிப்படுவதே இதனால்தான்.

முதல் பேட்ச் பார்க்க அருமையாக இருந்தது. சாம்பல் நிறம், ஒரே சீராக 300 மைக்ரான், அரம் வழுக்கிக்கொண்டு போனது. நான் பட்டறையில் வைத்து அளந்த விதத்தை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஐந்து லிட்டர் வாளியில் குளச்சல் கடல்நீர், துணியில் வடிகட்டியது, மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டார் ஒன்று. துண்டின் பின்பக்கமும் ஓரங்களும் தேன்மெழுகில் மூடியிருக்க வேண்டும். முதல் தடவை ஓரத்தைச் சரியாக மூடாமல், ஓரத்தில் வந்த துருவைப் பார்த்து பூச்சே போச்சு என்று இரண்டு நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வெள்ளிக் கம்பி, துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப்போட்டுக் கறுப்பாக்கியது. அதுதான் சில்வர் குளோரைடு எலெக்ட்ரோடு. மல்டிமீட்டரின் ஒரு முனை துண்டில், மறு முனை வெள்ளிக் கம்பியில். கடல்நீரில் வெறும் எம்.எஸ். ஏறக்குறைய மைனஸ் 0.6 வோல்ட் காட்டும். நல்ல நிலையில் இருக்கும் ஸ்டெயின்லெஸ் பூஜ்யத்துக்கும் மைனஸ் 0.1-க்கும் பக்கத்தில் நிற்கும். பூச்சு போட்ட துண்டு இந்த இரண்டில் எதன் பக்கம் நகர்கிறது என்று பார்த்தாலே, தண்ணீர் அடியிலிருக்கும் இரும்பைத் தொட்டுவிட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு துண்டையும் வெட்ட வேண்டியதில்லை.

முதல் நாள் மைனஸ் 0.21. நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் காலையில் 0.34, மாலையில் 0.39. மூன்றாம் நாள் 0.5-ஐத் தாண்டியது. நாலாம் நாள் 0.58-ல் போய் நின்றது, அன்று சாயங்காலம் பூச்சின் நடுவில் கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்று, விரலால் துடைத்தால் போய்விட்டது, மறுநாள் அதே இடத்தில் திரும்ப வந்தது. ஆறு துண்டிலும் இதே கதை. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை, அந்தப் பொடி அவ்வளவு விலை, துப்பாக்கியில் போடுவதில் ஒரு பங்கு துண்டில் ஒட்டாமல் பறந்தே போய்விடும் வேறு.

புள்ளிகள் எங்கே எத்தனை என்று பார்க்க ஃபெராக்சில் சோதனை செய்தேன். ஒரு சதவீதம் உப்பு, ஒரு சதவீதம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, வடிதாளை அதில் நனைத்துத் துண்டின் மேல் பத்து நிமிடம் ஒட்டி வைக்க வேண்டும். பூச்சின் துளை வழியாக அடியில் இருக்கும் இரும்பு கரைந்து மேலே வந்தால் அந்த இடத்தில் தாளில் நீலப் புள்ளி விழும். தாளைத் தூக்கிப் பார்த்தபோது மைத்துளி தெறித்ததுபோல் இருந்தது, முப்பதுக்கு மேல் எண்ணினேன். ஒரு எச்சரிக்கை, முன்னால் எம்.எஸ். தேய்த்த எமரியாலோ வீலாலோ இந்தப் பூச்சைத் தேய்த்திருந்தால் ஒட்டிய இரும்புத்தூள் எல்லா இடத்தையும் நீலமாக்கிவிடும், சிட்ரிக் அமிலத்தில் கழுவிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஏன் இவ்வளவு மோசம் என்றால், இந்தப் பூச்சு துத்தநாகப் பூச்சு மாதிரி இல்லை. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். இது அதற்கு நேர்மாறு, பூச்சு பெரிய கேத்தோடு (கரையாத முனை), துளைக்கு அடியில் தெரியும் ஊசிமுனை அளவு இரும்பு ஆனோடு (கரையும் முனை). முழுப் பரப்பின் வேலையும் அந்த ஊசிமுனையில் வந்து இறங்கும். அரைகுறையாக நல்ல பூச்சைவிடப் பூச்சே இல்லாத எம்.எஸ். மேல் என்று சொல்லும் அளவுக்கு இது நிஜம், வெறும் எம்.எஸ். சமமாகத் தேயும், இது ஓட்டை போடும்.

இனி துண்டை வெட்டித்தான் ஆக வேண்டும். இங்கேயும் ஒரு விஷயம். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் பூச்சிலிருந்து சில்லு பெயர்ந்து வந்தால் அந்தப் பள்ளமும் மைக்ராஸ்கோப்பில் துளையாகத்தான் தெரியும், இல்லாத துளையை எண்ணிக்கொண்டிருப்போம். அதனால் வெட்டுவதற்கு முன்பே நீர்த்த எப்பாக்சியை ஊற்றி, மோட்டார் வைத்துக் காற்றை இழுத்து, துளைகளை நிரப்பிக்கொண்டேன். பிளேடு பூச்சின் பக்கத்திலிருந்து இரும்பின் பக்கம் போகும்படி வெட்டினேன், எதிர்ப்பக்கமாக வெட்டினால் பூச்சு பிய்ந்துகொண்டு வரும். எமரி தாள் படிப்படியாக, கடைசியில் வைரப் பசை. நைட்டல், அதாவது ஸ்பிரிட்டில் இரண்டு சதவீதம் நைட்ரிக் அமிலம், தொட்டு வைத்தேன்.

நாகர்கோவிலில் ஒரு பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்த அந்த முதல் காட்சியை நான் மறக்கவே மாட்டேன். கீழே இரும்பு நைட்டலில் அரித்து, அதன் படிகங்கள் எல்லாம் வயல் வரப்புபோல் கோடு கோடாகத் தெரிகின்றன. மேலே பூச்சு அந்த அமிலம் தன்னைத் தொட்டதே இல்லை என்பதுபோல் வெள்ளையாக, ஒரு கோடு இல்லாமல் பளபளக்கிறது. அதுதான் கண்ணாடி. ஆனால் அந்த வெள்ளைக்கு நடுவே மெல்லிய சாம்பல் இழைகள் கிடைமட்டமாக ஓடின, அங்கங்கே கறுப்புப் பள்ளங்கள், அதோடு முழு உருண்டையாக, தட்டையாகாமல், அப்படியே சிக்கிக்கொண்ட பொடிமணிகள். ஒவ்வொரு உருண்டையின் அடியிலும், குடை பிடித்தாற்போல், ஒரு பிறைவடிவ வெற்றிடம். கடல்நீரில் நாள்கணக்கில் கிடந்த துண்டை வெட்டிப் பார்த்தபோது இன்னும் தெளிவானது. வெள்ளைத் தட்டைகளின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அரிப்பெல்லாம் அந்தச் சாம்பல் இழைகள் வழியாகவே உருண்டையிலிருந்து உருண்டைக்குத் தாவி இரும்புவரை இறங்கியிருந்தது.

ஓலைக்கூரை ஒழுகுவதும் இப்படித்தானே. எந்த ஓலையும் ஒழுகாது, ஓலைக்கும் ஓலைக்கும் நடுவில்தான் ஒழுகும். பொடியை விற்றவர் காட்டிய அட்டவணையில் இருந்த அரிப்பு எதிர்ப்பு அத்தனையும் ஓலையைப் பற்றியது. என் பம்புக்கு வேண்டியது கூரை.

அந்தச் சாம்பல் இழை என்ன என்றால் ஆக்சைடு. உருகிய துளி காற்றில் பறக்கும்போதே அதன் மேல்தோலில் இருக்கும் குரோமியத்தை ஆக்சிஜன் முதலில் பிடித்துக்கொள்கிறது. ஆக்சைடாகப் போன குரோமியம் பாதுகாப்புக்கு உதவாது, அதோடு அந்தத் தோலுக்கு அடுத்த மெல்லிய பகுதி குரோமியம் குறைந்து நிற்கிறது. அரிப்பு அந்த வழியைத்தான் பிடிக்கிறது.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. தெரிந்த ஒரு கல்லூரி ஆசிரியர் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் எடுத்துக் கொடுத்தார், உள்ளே படிகம் இருக்கிறதா என்று காட்டும் சோதனை அது. முழு அமார்ஃபஸாக இருந்தால் 44 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு மழுங்கிய மேடு மட்டும் வர வேண்டும், மருந்துவாழ்மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல். என் துண்டில் மேடும் இருந்தது, அதன் தலையில் கூர்கூராக முள்ளும் இருந்தது. முள் என்றால் படிகம், இந்தக் கலவையில் அது போரைடும் கார்பைடும், குரோமியத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்பவை. பூச்சு போடும்போது துண்டு சூடாகித்தான் இப்படி ஆனது என்று நினைத்தேன். சரி, எதற்கும் பார்ப்போம் என்று தெளிக்காத பொடியையே எடுத்துச் சோதிக்கச் சொன்னதில் பொடியிலேயே முள் இருந்தது! நான் விலை கொஞ்சம் குறைவு என்று வாங்கியது பெரிய மணிகள் கலந்த பொடி. பெரிய மணி தயாராகும்போதே மெதுவாகக் குளிரும், அதனால் அதற்குள் படிகம் ஏற்கெனவே இருக்கும். பிளாஸ்மாவிலும் அது முழுதாக உருகாது. உருண்டையாக வந்து சிக்கி, அடியில் பள்ளம் விட்டு, கூடவே படிகத்தையும் கொண்டுவந்துவிடுகிறது. 325 மெஷ் சல்லடையில், அதாவது 45 மைக்ரானில், சலித்துக் கீழே விழுந்ததை மட்டும் மறுபடி சோதித்தால் மேடு மட்டும்தான் வந்தது.

அதனால் இரண்டாவது பேட்சுக்கு நானே பொடியைச் சலித்துக் கொண்டுபோனேன். மிக நுண்ணிய தூசியையும் நீக்கினேன், அது பரப்பு அதிகம் என்பதால் பறக்கும்போதே ஆக்சைடாகிவிடும். கடைக்காரரிடம் பக்கத்தில் நின்று பேசி, ஹைட்ரஜனைக் கொஞ்சம் கூட்டி, தூரத்தை 100 மி.மீ.-ல் வைத்தோம். இதில் ஒரு இழுபறி உண்டு. சூட்டைக் கூட்டினால் மணிகள் நன்றாக உருகித் துளை குறையும், ஆனால் ஆக்சைடு கூடும், துண்டும் சூடேறும், 600 டிகிரியைத் தாண்டி நின்றால் கண்ணாடி படிகமாக மாற ஆரம்பித்துவிடும். குறைத்தால் உருண்டைகள் திரும்ப வரும். நாங்கள் சூட்டைக் கூட்டிவிட்டு, துண்டை மட்டும் காற்றடித்துக் குளிர்வித்தோம். பின்பக்கத்தில் கருப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து (பளபளப்பான இரும்பில் லேசர் தெர்மாமீட்டர் தப்பாகக் காட்டும்) 150 டிகிரி தாண்டினால் நிறுத்தி ஆறவிட்டோம். பாதித் துண்டுகளுக்கு முதலில் நிக்கல்-குரோமியம் அடிப்பூச்சு ஒன்று, அதன் மேல் இது.

சீலர் (துளையை அடைக்கும் திரவம்) தடவாத துண்டு மைனஸ் 0.19-ல் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் 0.41. முதல் பேட்சைவிட எவ்வளவோ தேவலை, ஆனாலும் இறங்கத்தான் செய்தது. தாளில் நாலு நீலப் புள்ளி. அடிப்பூச்சு போட்டது இன்னும் மெதுவாக இறங்கியது. ஆகவே பிளாஸ்மாவில் துளையே இல்லாத பூச்சு எதிர்பார்ப்பது வீண், அடைத்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். கெட்டியான எப்பாக்சி மேலேயே உட்கார்ந்துவிட்டது, தேய்த்ததும் போயே போச்சு. தண்ணீர்போல் இருக்கும் அனேரோபிக் சீலரைத் துண்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது பிரஷ்ஷால் தடவினால் உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகிறது, காற்றில்லாத துளைக்குள் போனதும் இறுகிவிடுகிறது. கிரைண்டிங்குக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. இப்படிச் செய்த துண்டுகள் அறுபது நாள் மைனஸ் 0.16-க்கும் 0.22-க்கும் நடுவிலேயே நின்றன, தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. ரப்பர் பேண்ட் சுற்றி அதே வாளியில் போட்ட 304 துண்டில் ஐந்தே வாரத்தில் பேண்டுக்கு அடியில் பழுப்புக் கோடும், ஊசி மாட்டும் குழியும் வந்துவிட்டன. பூச்சு போட்ட துண்டில் பேண்டுக்கு அடியில் ஒரு மங்கலான கறை மட்டும்.

கிரைண்டிங் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு துண்டை அவசரத்தில் தண்ணீர் விடாமல் தேய்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபெராக்சில் தாளை எடுத்தபோது நீலத்தில் வலை பின்னியிருந்தது, காய்ந்த குளத்துச் சேறு வெடித்தாற்போல். கண்ணாடி மாதிரிப் பொருள், சூடு பட்டதும் மயிரிழை விரிசல் விட்டுவிட்டது. பச்சை சிலிக்கான் கார்பைடு வீல், ஒரு தடவைக்கு 10 மைக்ரான், கூலன்ட் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஆண்டு தடைக்காலத்தில் நிஜ ஷாஃப்டை எடுத்தேன். கடலில் கிடந்த இரும்பை அப்படியே பிளாஸ்ட் பண்ணினால் (மணலை வேகமாக அடித்தால்) உப்பு குழிகளுக்குள்ளேயே இருந்துவிடும், பூச்சுக்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுக்கும். அதனால் பழைய துருவை மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கார்னெட் மணலால் அடித்து நீக்கி, டிஸ்டில்டு வாட்டர் வெந்நீரில் ஊறப்போட்டு, கழுவிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். பால் கலங்கியதுபோல் ஆனால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாவது கழுவலில்தான் தெளிந்தது. கடற்கரை கார்னெட் அலையில் உருண்டு உருண்டு மழுங்கியது, துரு எடுக்க நல்லது, ஆனால் பூச்சு கடித்துப் பிடிக்க வேண்டிய கூர்மையான சொரசொரப்பைத் தராது. அதனால் கடைசி பிளாஸ்டிங் கோயம்புத்தூரில் அலுமினாவில், அடித்த கையோடு பூச்சு. இங்கே பிளாஸ்ட் பண்ணி பஸ்ஸில் கொண்டுபோனால் நம் கடற்காற்றுக்குப் போய்ச் சேரும் முன்பே மஞ்சள் பூத்துவிடும்.

பூச்சு உட்கார 0.4 மி.மீ. கடைந்து இறக்கி, இரண்டு முனையையும் செங்குத்தாக விடாமல் சரிவாக எடுத்தேன். கிராஃபைட்டை விட்டு டெஃப்லான் பேக்கிங் போட்டேன். ஆகஸ்ட் 1-ம் தேதி அண்ணனின் போட்டு கடலுக்குப் போனது.

அக்டோபர் மூன்றாம் வாரம் கரை வந்தபோது அண்ணன் தானே பம்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூப்பிட்டார். பேக்கிங் ஓடிய இடம் லேசாக மெருகேறி, ஒரு குழி இல்லாமல் இருந்தது. நகத்தை வைத்து முழு வட்டமும் ஓட்டிப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை. தாள் ஒட்டிப் பார்த்தேன், பேக்கிங் இருந்த நீளம் முழுக்க வெள்ளை. ஆனால் காற்றுப் பக்கம், பூச்சு முடியும் ஓரத்தில், ஒரு மி.மீ. அகலத்துக்குச் சிவப்பு வளையம் இருந்தது, அங்கே தாளும் நீலம் காட்டியது. கிளாண்டிலிருந்து சொட்டும் தண்ணீர் அந்த ஓரத்தில் விழுந்து காய்ந்து விழுந்து காய்ந்து நிற்கிறது. கத்தி முனையால் நெம்பிப் பார்த்ததில் பூச்சு தூக்கவில்லை, துரு இன்னும் அடியில் நுழையவில்லை. துடைத்துச் சீலர் தடவித் திரும்ப மாட்டியிருக்கிறேன். அடுத்ததில் பூச்சை இன்னும் 15 மி.மீ. நீட்டி, தண்ணீர் தெறிக்க வைக்கும் ரப்பர் வளையத்துக்கு அடியில் கொண்டுபோய் முடிக்கப் போகிறேன்.

அண்ணன் இரண்டாவது பம்பின் ஷாஃப்டையும் கையோடு கொண்டுவந்து போட்டுவிட்டார். அது இன்று காலையிலிருந்து வெந்நீரில் கிடக்கிறது. மூன்று தடவை கழுவியாயிற்று, சொட்டு விட்டால் இன்னும் பாலாகத்தான் கலங்குகிறது.